இல்லாத ஓடைக்கு சிமெண்ட் வேண்டாம்

அனுப்புநர்:
தையற்கடைக்காரி,
கீழ்த்தளம், வளைந்த தெரு.

பெறுநர்:
நகராட்சிப் பொறியாளர் அவர்கள்.

பொருள்: நான் கொடுத்த புகாரை நானே திரும்பப் பெறுவதும், நாளை என் பின்னறையில் சிமெண்ட் கொட்டுவதை நிறுத்தக் கோருவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கடைப் பின்னறையில் குழாய் உடைந்து நீர் கசிவதாகச் சென்ற மாதம் புகார் கொடுத்தவள் நானே. அது தவறு. அங்கே குழாயே இல்லை. போன வெள்ளிக்கிழமை தரை பொத்துக்கொண்டது. எட்டிப் பார்த்தால், ஐயா, ஓடை! தெளிந்த நீர், சலசலவென்று ஓடுகிறது. மனுவில் இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ஒரே சட்டைக்கு மூன்று கை தைத்துவிட்டேன்.

2. இருபது ஆண்டுகளாக நூல்கண்டு அடுக்கிவரும் என் சுவர் மாடம், குழிக்குள்ளிருந்து பார்த்தால், ஒரு பழைய பாலத்தின் வளைவு! எங்கள் தெரு ஏன் இப்படி நெளிகிறது என்பதும் இப்போதுதான் விளங்கியது. ஓடை போன வழியே தெரு போகிறது. மூடி வீடு கட்டியவர்கள் ஓடையிடம் சொல்லவில்லை போலும். அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

3. சனிக்கிழமை வந்த தங்கள் உதவிப் பொறியாளர், "ஓடையாவது ஒண்ணாவது! வரைபடத்துலயே இல்லம்மா. புதன்கிழமை அடைச்சிடுவோம்" என்றார். குனிந்து பார்க்கையில் அவருடைய இடது ஷூ கழன்று உள்ளே விழுந்தது. அவர் ஒற்றை ஷூவோடே நடையைக் கட்டினார், மரியாதை கருதி நானும் கேட்கவில்லை. அவர் போனதும், பார்த்துவிடுவோமே என்று ஒரு டப்பா சிவப்புப் பித்தான்களைக் குழியில் கொட்டினேன்.

4. மறுநாள், மூன்று தெரு தள்ளியிருக்கும் சலவைக்கடைக்காரர் ஈரக்கையோடு ஓடிவந்தார். "அக்கா, உங்க பித்தானெல்லாம் எங்க ஊத்துல மிதக்குது!" அந்த ஊற்று நீரில்தான் அவர் துவைக்கிறார், அவர் வீட்டில் ஆறு பேர் சாப்பிடுகிறார்கள். இங்கே சிமெண்ட் விழுந்தால் அங்கே ஊற்று வற்றிவிடும்.

5. ஆகவே சிமெண்ட் வண்டியைத் திருப்பி அனுப்பி, தங்கள் வரைபடத்தில் ஒரே ஒரு நீலக்கோடு போட்டுத் தருமாறு வேண்டுகிறேன். பேனா இல்லையென்றால் என்னிடம் நீல நூல் இருக்கிறது.

இடம்: ஓடைக்கு ஒரு முழம் மேலே
நாள்: செவ்வாய்க்கிழமை, காலை

உண்மையுள்ள,
(கையொப்பம்)
தையற்கடைக்காரி

இணைப்பு: சிவப்புப் பித்தான் ஆறு. சலவைச் சீட்டு ஒன்று, எண் 41. கைக்கு வரும் எதற்கும் குறி போட்டுச் சீட்டு எழுதுவது சலவைக்கடைக்காரர் வழக்கம். ஊற்றில் வந்து சேர்ந்த இடது ஷூவுக்கும் இதை எழுதிவிட்டார். பெற வருபவர், பொருள் எவ்வழியாகக் கடைக்கு வந்தது என்று ஏட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். "ஓடை வழியாக" என்று எழுதினால் போதும்.