பதினோரு நாள் காய்ச்சல்

பிப்ரவரி 3
இன்று தம்பிக்குத் தொழிற்கல்வி. ஐந்து வயதுக்கு இது போதும்: தெர்மாமீட்டரை வெந்நீர் டம்ளரில் முக்கு, எடு, முகத்தைத் தொங்கப்போடு, பள்ளிக்கூடத்துக்கு லீவு. மக்குப் பயல் ரொம்ப நேரம் ஊறவிட்டுவிட்டான்.

"நூத்தி எட்டா? நான் பெத்தது பிள்ளையா, அடுப்பா?" என்று அம்மா என் காதைத் திருகினாள். தெர்மாமீட்டருக்கு பீரோவில் ஆயுள் தண்டனை.

பிப்ரவரி 11
சாயங்காலம் தம்பி சுருண்டு படுத்தான். "காய்ச்சல்மா."

"குரு யாரு, உங்கக்காவா?" என்றாள் அம்மா. அதிகம் சிரித்தது நான்தான்.

பிப்ரவரி 15
இன்றும் அதே. நெற்றி சுட்டது. "வெயில்ல ஆடிட்டு வந்தா சுடத்தான் செய்யும்," என்றாள் அம்மா. நான் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 22
மூச்சு வாங்கி, உதடு நீலம் பாரித்து— அப்பா தூக்கிக்கொண்டு ஓடினார். ரத்தத்தில் புகுந்த கிருமி இதயத்தின் வால்வை அரித்துவிட்டதாம். வீட்டில் வாலு நான். போனது அவன் வால்வு.

சீ. இப்பவுமா?

"எத்தனை நாளா காய்ச்சல்?" என்று டாக்டர் கேட்டார்.

"பதினோரு நாளா," என்று நான்தான் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

பிப்ரவரி 23
மருந்து வேலை செய்யும்வரை இதயம் தாங்காதாம். இன்றே நெஞ்சைத் திறக்க வேண்டும். "பிழைக்கிற வாய்ப்பு கம்மி. செய்யலன்னா அதுவும் இல்ல," என்றார் டாக்டர். சம்மதப் படிவத்தில் அப்பா தன் பெயரையே தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினார்.

தள்ளுவண்டியில் போகும்போது என் விரலைப் பிடித்தான். "நான் நடிக்கலக்கா."

"தெரியும்டா."

பதினஞ்சாம் தேதியே தெரியும். சொன்னா மறுபடி என் காதுதான் போகும்னு... ஒரு காதுக்கா? ஏன்டி வாயத் திறக்கல?

பிப்ரவரி 24
புது வால்வு வைத்தாயிற்று. கண் திறக்கவில்லை.

பிப்ரவரி 26
இப்போது சிறுநீரகமும் வேலை செய்யவில்லையாம். ஐ.சி.யூ. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எனக்குத் தெரிந்த கோமாளி முகமெல்லாம் காட்டினேன். நர்ஸ் மட்டும் பார்த்தார். அவரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 27
காலையில் அப்பா போன் செய்தார். "அவன் சட்டை ஒண்ணு எடுத்துட்டு வாம்மா. தையல் தெரியாம, கழுத்து வரைக்கும் பட்டன் போடுற மாதிரி."

"செருப்புப்பா?"



"வேணாம்மா."