மாப்பிள்ளை மிதித்த கார்டுகள்

மார்ச் 1981, வியாழன் இரவு, கோச்சடை

மருமகனை நான் உலக்கையால் அடித்ததாகத் தெருவில் பேசுகிறார்கள். உலக்கை இல்லை, அடுப்பு ஊதும் இரும்புக் குழல். ஒரே அடி, வலது மணிக்கட்டில்.

படிகங்களுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் மகள் ஜெயாவின் ஆராய்ச்சி. அவள் எழுதிய புரோகிராம் முழுவதும் துளை போட்ட கார்டுகளில் இருக்கிறது, வரிக்கு ஒரு கார்டு. அதை முடிக்க என் வீட்டில் வந்து தங்கியிருக்கிறாள். இன்று அவள் புருஷன் வந்து, "வீட்டுக்கு வாரியா, இல்ல இந்த அட்டையோடயே குடும்பம் நடத்தப் போறியா?" என்று கத்தினார்.

"முடிச்சுட்டு வாரேன்" என்றாள். அறைந்தார். அவள் உதடு கிழிந்தது. கார்டுப் பெட்டியை முற்றத்தில் கொட்டி மிதித்தார். ஒரு பிடி அள்ளி வெந்நீர் அடுப்பில் போடக் குனிந்தபோதுதான் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

"அத்தை, கையை ஒடிச்சுட்டீகளே!"

"இன்னொரு கை இருக்கே மாப்ள, அதையும் நீட்டுங்க."

என் கணவர் இருந்தவரை இந்த வீட்டில் யாரும் கை ஓங்கியதில்லை.

கார்டுக் கட்டின் மேல் விளிம்பில் ஜெயா சாய்வாகச் சிவப்புக் கோடு இழுத்திருந்தாள். கலைந்தாலும் கோடு சேரும்படி அடுக்கினால் வரிசை வந்துவிடுமாம். இருவரும் அடுக்கினோம். சிலவற்றில் அவள் ரத்தம் பட்டுக் கோடு தெரியவில்லை. அவற்றில் மேலே அச்சாகியிருந்த வரியை அவள் வாசித்தே அடுக்கினாள். மிதிபட்டுக் கசங்கியவற்றைப் புதுக் கார்டுகளில் மறுபடி துளையிட வேண்டும்.

காலையில் அவருக்கு அனுப்ப வேண்டியது இது: மாப்பிள்ளை, ஜெயா வேலையை முடிப்பாள். பிறகு வருவதா என்பதை அவளே சொல்வாள். அதுவரை இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று எழுத்தில் பதில் தரவும். இடது கையால் எழுதினாலும் போதும்.