கேட்டது ஏழுதான்

மகளே,

அப்போது எர்ணாகுளத்தில் மெட்ரோ ஓடத் தொடங்கியிருந்தது, பெருவெள்ளம் இன்னும் வந்திருக்கவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீ அந்தப் பரீட்சைக்குப் படித்தாய். எழுதப் படிக்கத் தெரியாதவன் வருடத்தை இப்படித்தான் பிடித்து வைக்க முடியும். இன்று காலை அது அப்படியே திரும்பி வந்தது. பழம்பொருள் கடைக்காரர்களுக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் தரகர் ஒருவர் வந்து, நம் வாசல் நிலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. நான் யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "கைய எடு!" என்று கத்திவிட்டேன். மனிதர் சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அதைச் சொல்லத்தான் இந்த மடல். தெரு முக்கில் தையற்கடை வைத்திருக்கும் கம்பத்துக்காரர், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

என் மகன் இறந்துபோன பிறகு, மருமகளான நீ பாலக்காட்டில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது எல்லோருடைய பேச்சு. வீட்டை விற்றுவிடுவது, என்னை யாராவது உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்பதும் அதில் அடக்கம். நீதான் மறுத்தாய். "நான் ஒரு வேலையில உக்காந்துட்டா யாரும் எங்கயும் போக வேண்டாம் மாமா" என்றாய். களமசேரியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை. அதற்கு ஒரு பரீட்சை. உன் வயசுக்கு இரண்டு முறைதான் எழுத முடியும்.

முதல் முறை தோற்றாய். கணக்குத் தெரியாமல் இல்லை. போட்டதெல்லாம் சரி. ஆனால் கால்வாசித் தாள் வெறுமையாகக் கிடக்கும்போதே மணி அடித்துவிட்டது.

ஏன் என்று எனக்குத் தெரியும். நீ சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கிறவள். நான் அதே கிடங்கில் மூட்டை தூக்கினவன். அங்கே எந்தக் குவியலும் ஒரு தடவை பார்த்ததோடு போகாது. முறத்தில் ஒருமுறை, பாயில் கொட்டி இன்னொருமுறை. கங்காணி கேட்கும் ஒரே கேள்வி, "ரெண்டாவது கை பாத்தாச்சா?" அந்தப் பழக்கம் உன் விரலிலேயே ஏறிவிட்டது. எக்ஸ் கிடைத்துவிடும், ஒய் கிடைத்துவிடும். பேசாமல் அடுத்ததுக்குப் போவாயா? மாட்டாய். இரண்டையும் தூக்கி மேல்வரியில் போட்டுப் பார்ப்பாய், கீழ்வரியில் போட்டுப் பார்ப்பாய். அங்கே நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் முறைக்குத்தான் குக்கர் வந்தது. தண்ணீரை மட்டும் ஊற்றி அடுப்பில் வைத்துவிடுவாய். ஒரு விசிலுக்கு ஒரு கணக்கு. விசில் அடித்ததும் "கைய எடு!" என்று கத்துவது என் வேலை.

"மாமா, ஒரே ஒரு தடவ, சரியான்னு பாத்துக்கறேன்."

"பாக்காதே! அடுத்தது!"

"நாலு நம்பர்தான் மாமா."

"நாலு நம்பருக்குள்ள நாலு பேர் முன்னால போயிடுவாங்க. தள்ளு!"

முறைப்பாய். கிடங்கில் கங்காணியை முறைத்ததைவிட அதிகம் என்னைத்தான் முறைத்திருப்பாய்.

பரீட்சைக்கு முந்தின நாள் உன் அண்ணன் காதர் வந்தார். இந்த முறையும் தோற்கத்தான் போகிறாய், பரீட்சை முடிந்ததும் கையோடு கூட்டிப் போவது என்று, உன் துணியை வைக்க ஒரு பையைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அடுக்களையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சாயாவை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ஆரம்பித்தார்.

"சுக்கு பொறுக்குற கைக்கு எக்ஸ் என்ன, ஒய் என்ன? இந்த வயசுல கலெக்டராவா ஆகப் போறே?"

"ஸ்டோர்ல உக்காரப் போறேன். புஸ்தகம் அங்க இருக்கு. நீயே ஒண்ணு கேளேன்."

அவர் புரட்டி, இருப்பதிலேயே கரடுமுரடாகத் தெரிந்த ஒன்றைப் படித்தார். எனக்கு இன்றும் மனப்பாடம். இருபத்து மூன்று எக்ஸும் பதினேழு ஒய்யும் சேர்ந்தால் நூற்று நாற்பத்து மூன்று. பதினேழு எக்ஸும் இருபத்து மூன்று ஒய்யும் சேர்ந்தால் நூற்று முப்பத்தேழு. எக்ஸும் ஒய்யும் சேர்ந்தால் எவ்வளவு?

வழக்கம்போல் ஏற்றியிருந்த குக்கர் இன்னும் சீறவே தொடங்கவில்லை. நீ பேனாவைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாய். உன் விரலை நம்பாமல் செய்த காரியம் என்று எனக்குப் புரிந்தது.

"ஏழு."

காதர் விடை இருக்கும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. "எக்ஸ் எவ்வளவு? ஒய் எவ்வளவு?"

"தெரியாது."

"தெரியாம எப்படிச் சொன்னே?"

"நீ அதக் கேக்கலயே. ரெண்டு வரியையும் கூட்டு அண்ணே. எக்ஸும் நாப்பது, ஒய்யும் நாப்பது. அந்தப் பக்கம் இருநூத்தி எம்பது. நாப்பதால வகுத்தா ஏழு. கேட்டது அவ்வளவுதான்."

"இது ஏமாத்து வேல."

"அப்ப மேல்வரில இருந்து கீழ்வரியக் கழி. ஆறு எக்ஸ்ல ஆறு ஒய் போனா ஆறு. அதாவது ரெண்டுக்கும் வித்தியாசம் ஒண்ணு. கூட்டினா ஏழு, வித்தியாசம் ஒண்ணு. எக்ஸ் நாலு, ஒய் மூணு. போதுமா? இன்னும் சரிபாக்கணும்னா நீ பாரு. எனக்கு நேரமில்ல."

அப்போதுதான் விசில் அடித்தது. நான் காதரைப் பார்த்து, "கைய எடு!" என்றேன். புத்தகம் கீழே விழுந்தது. அவரே சிரித்துவிட்டார், பாவம்.

மறுநாள் சாயங்காலம் படகுத் துறையில் காத்திருந்தேன். இறங்கி வந்து, "எல்லாத்தையும் எழுதினேன் மாமா. ஒண்ணையும் ரெண்டாவது கை பாக்கல" என்றாய். யாரையோ அடித்துவிட்டு வந்தவள் மாதிரி நின்றாய்.

வெள்ளம் வடிந்த பிறகு வேலை உத்தரவு வந்தது. காதர் அந்தப் பையில் பலாப்பழ வறுவல் கொண்டுவந்து கொடுத்தார். சாகும்வரை, பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் கணக்கைக் கேட்டு, "என் தங்கச்சி விசில் அடிக்கறதுக்குள்ள சொல்லிட்டா" என்று அலட்டிக்கொண்டிருந்தார்.

நீ படுக்கையில் விழும்வரை களமசேரிக்குப் போய்வந்தாய். கொடுத்து வைக்காதவள், பாதியில் போய்விட்டாள் என்று உன்னைச் சொல்கிறார்கள். என் முன்னால் யாரும் சொல்வதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். போக மாட்டேன் என்றாய், போகவில்லை. இந்த வீட்டிலிருந்தே வேலைக்குப் போனாய், இந்த வீட்டிலிருந்தே மையவாடிக்குப் போய் அடங்கினாய். இதில் பாதி எங்கே இருக்கிறது?

தரகர் கையை இழுத்துக்கொண்ட பிறகும் விடவில்லை. ஒண்டியாக இருந்து என்ன செய்யப் போகிறேன், மழை ஒழுகினால் யார் பார்ப்பது, முடியாமல் போனால் யார் தூக்குவது என்று அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் பதில் தேடி, அதைத் திரும்பத் திரும்ப உரசிப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கென்ன தலையெழுத்தா? உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில், பிறகு கையை எடுத்துவிடுவது.

கடைசியில் அவர் உள்ளே எட்டிப் பார்த்து, "இவிடெ இப்ப ஆருதான் உள்ளது, இக்கா?" என்றார். இங்கே இப்போது யார்தான் இருக்கிறது என்று கேள்வி.

அந்த அடுக்களையில் அன்று இருந்தது மூன்று பேர். இப்போது நீ இல்லை. காதர் இல்லை.

"காஜா மைதீன்" என்று என் பெயரைச் சொன்னேன்.