உன் படத்துக்குக் கீழே நான் போட்ட வரிகள்

என் செல்லத் தம்பி முரளிக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆனதற்கு நம் டீக்கடைக்குப் பக்கத்தில், பஸ் ஸ்டாப் வேப்பமரத்தில், ஃப்ளெக்ஸ் கட்டினேன். என் கல்யாணத்தில் எடுத்த அதே நீலச் சட்டைப் படம்தான். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய்.

மயிலாடுதுறையில் அச்சடிக்கப் போனபோது, எல்லோருக்கும் போடுகிற வாசகத்தையே போட்டுவிடட்டுமா என்று கடைக்காரப் பையன் கேட்டான். வேண்டாம், நான் சொல்வதைப் போடு என்றேன். நான் சொல்லச் சொல்ல அவன் அடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, இத ஊருக்குள்ள கட்டப் போறீங்களா?"

"பின்ன, பீரோவுக்குள்ளயா கட்டுவாங்க?"

நான் போடச் சொன்னது இதுதான்: "எங்கள் முரளி மாரடைப்பில் சாகவில்லை. போதை ஊசியில் செத்தான். யாராவது ஊசி போட்டு மயங்கிக் கிடந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாயில் எதுவும் புகட்டாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஊசி போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்."

அன்று நடந்தது உனக்கே தெரியாதே, அதனால் சொல்கிறேன். அறுவடை மெஷின் ஓட்டி ஓட்டி இடுப்பு போய், வலி மாத்திரையில் தொடங்கி, நீ ஊசிக்கு வந்திருந்தாய். பெரியப்பா வயல் மோட்டார் கொட்டகையில் அந்தக் காலையில் நீ சாய்ந்தபோது, உன் சிநேகிதன் பாலுவும் மற்றவர்களும் உன்னை விட்டுவிட்டு ஓடவில்லை. அதற்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் நம் ஊரில் குடித்துவிட்டு விழுந்தவனுக்கு என்ன செய்வார்களோ, அதையே உனக்கும் செய்தார்கள். தொட்டியில் இறக்கி, மோட்டாரைப் போட்டு, தலையில் தண்ணீர் விட்டார்கள். வலிப்பாக இருக்குமோ என்று கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். மோர் வாங்கிவந்து புகட்டினார்கள். பிறகு கரையில் மல்லாக்கப் படுக்கவைத்துத் தெளியட்டும் என்று காத்திருந்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் பின்னாலேயே போலீஸும் வரும் என்று பயம்.

"கொறட்ட விட்டான்க்கா. தூங்குறான்னு நெனச்சோம்" என்றான் பாலு. அது குறட்டை இல்லை முரளி. உன் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிய சத்தம்.

"சீக்கிரம் வந்திருந்தா போதைய முறிக்கிற மாத்து மருந்து குடுத்திருப்போம்மா" என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார். நம் ஊரிலிருந்து டவுன் பஸ் போகிற தூரத்தில்தானே இருந்தது அந்த மருந்து?

உன்னை எடுப்பதற்கு முன்பே பெரியப்பா 'மாரடைப்பு' என்று போஸ்டர் அடித்துத் தெரு முழுக்க ஒட்டிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். பையன்களோ அதே கொட்டகைக்கு, அதே ஊசிக்குத் திரும்பிப் போனார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால்தானே பயப்படுவார்கள்?

அதனால்தான் ஃப்ளெக்ஸ் கட்டினேன். அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடிவிட்டது.

"செத்தவன ஏம்மா அசிங்கப்படுத்துற?" என்றார் பெரியப்பா.

"எந்தம்பி அசிங்கமில்ல பெரியப்பா. அவன் எப்படிச் செத்தான்னு மறைக்கிறீங்களே, அதுதான் அசிங்கம்."

"நாளைக்கு இந்த ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்? ஊரு பேரு கெடுதுல்ல?"

"கெடட்டும். பேரக் காப்பாத்திப் புள்ளைங்கள எரிக்கணுமா?"

அடுத்து பேச்சு நம் டீக்கடைமேல் பாய்ந்தது. போதை ஊசியால் நோய் பரவாமல் தடுக்கிற வேலை பார்க்கும் செல்வி என்ற பெண் வாரா வாரம் நம் கடைக்கு வருகிறாள். பழைய ஊசியைக் கெட்டி டப்பாவில் வாங்கிக்கொண்டு புது ஊசி தருகிறாள். விட நினைக்கிறவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். ஊசி கொடுத்துப் பையன்களைக் கெடுக்கிறோமாம்! எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வாய்க்கா கர ஒடச்சுக்கிட்டா மொதல்ல மண்ணு மூட்டையப் போடுவீங்களா, யாரு ஒடச்சதுன்னு பஞ்சாயத்து வப்பீங்களா?" என்று கேட்டேன்.

பாலு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டான், தெரியுமா? கல்லீரலைத் தின்கிற கிருமி அவனுக்கு இருக்கிறது. ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டதில் வந்தது. ஒரு டீயை ரெண்டாக்கிக் குடிப்பது போல அதையும் பகிர்ந்துகொண்டீர்கள், பாவிகளா. குணமாக்க மாத்திரை இருக்கிறது. என் கண்ணெதிரே விழுங்கினால்தான் அவனுக்கு டீ.

விடிவதற்குள் ஃப்ளெக்ஸ் இறங்கியிருக்க வேண்டும் என்று கூட்டத்தில் முடிவு செய்தார்கள். நான் இறக்கவில்லை. ஆனால் காலையில் கடை திறக்கப் போனால் மரத்தில் வெறும் கயிறுதான் தொங்கியது.

நம் ஊரில் பழைய ஃப்ளெக்ஸ் எங்கே போகும்? நெல் மூடத்தான் போகும். நேராகக் களத்துக்குப் போய், "எந்தம்பி மூஞ்சிய எவன்டா நெல்லுக்குப் போத்துனது?" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு குவியலாகத் தூக்கிப் பார்த்தேன். அரசியல்வாதிகள், மஞ்சள் நீராட்டு விழாப் பெண்கள், யார் யாரோ சிரித்தார்கள். நீ இல்லை.

பாலு ஓடிவந்தான். "திட்டாதீங்கக்கா. அவங்க கிழிக்கிறதுக்கு முன்னாடி நாங்கதான் அவுத்தோம்" என்று என்னை மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப் போனான். உள்சுவரில் ஆணி அடித்து உன்னை மாட்டியிருந்தார்கள். "பஸ் ஸ்டாப்புல யாருக்கா ஊசி போடுறான்? இது இங்கதான் வேணும்" என்றான். அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

போன வாரம் அதே இடத்தில் குணா சாய்ந்தான். உன்னோடு மெஷின் ஓட்டினானே, அந்தக் குணாதான். இந்த முறை யாரும் மோட்டாரைப் போடவில்லை. உன் படத்தைப் பார்த்துக்கொண்டே அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். ஊசி போட்டான் என்று உள்ளதைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அந்த மாற்று மருந்தை அவனுக்குக் கொடுத்தார்கள். நேற்று கடைக்கு வந்து, சர்க்கரை குறைவு என்று என்னிடமே சண்டை போட்டுவிட்டு டீ குடித்தான். அவன் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ குடிக்க வேண்டிய டீ.

பெரியப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்தக் கொட்டகை அவருடையது, சாவியும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது. அவர் இதுவரை அதைப் பூட்டவில்லை. உன்னைச் சுவரிலிருந்து இறக்கவுமில்லை.

பஸ் ஸ்டாப்பில் புது ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டேன், முன்னதைவிடப் பெரியதாக. கிழித்தால் இன்னொன்று கட்டுவேன். உன்னைப் போல இன்னொருவன் மூச்சடங்கிப் போய்விடக் கூடாது என்பதற்காகவே, நீ எப்படிச் செத்தாய் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
ஊர் பேரைக் கெடுத்த
உன் அக்கா