ஒலி அடைக்கப்பட்ட கணினி குறித்த மூன்றாம் மனு

அனுப்புநர்:
தட்டச்சர் (பார்வையற்றவர்),
பதிவுப் பிரிவு, முதல் தளம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: பழைய கணினிகள் பூட்டிய முனையங்களாக மாற்றப்பட்டபோது திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் நீக்கப்பட்டது – திரும்ப நிறுவித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இப்பிரிவில் பதினேழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். பிறவியிலேயே பார்வை இல்லை. விசாரணைக் குரல்பதிவை ஒரு காதிலும், நான் அடிப்பதைக் கணினி படித்துச் சொல்வதை மறு காதிலும் கேட்டு, நாளொன்றுக்கு நாற்பது பக்கம் வரை தட்டச்சு செய்துவந்தேன். இதுவரை ஒரே ஒரு தாள்தான் திரும்பி வந்தது. அதுவும் சாட்சி உளறியதை உளறலாகவே அடித்ததற்காக.

2. கடந்த ஜூன் மாதம் எங்கள் பழைய கணினிகள் பதினொன்றும் முனையங்களாக மாற்றப்பட்டன. பெட்டி மேசையில் இருக்கிறது. வேலை முழுவதும் தலைமை அலுவலக சர்வரில் நடக்கிறது. இனி எதையும் நிறுவ முடியாது. ஒலி இணைப்பும் அடைக்கப்பட்டது. மாற்ற வந்த தொழில்நுட்பரிடம் மன்றாடினேன். "எனக்குப் புரியுதும்மா. ஆனா அனுமதிச்ச மென்பொருள் பட்டியல்ல இல்லாததை வச்சா என் வேலை போயிடும்" என்றார். ஹெட்ஃபோனைச் சுருட்டி என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

3. தினமும் வந்து சுவிட்சைப் போடுகிறேன். உள்ளே விசிறி சுற்றுவது கேட்கிறது, வேறொன்றும் இல்லை. என் பங்கு வேலையை மற்றவர்கள் பிரித்துச் செய்கிறார்கள். நான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. "சம்பளம் வருதுல்ல, சும்மா உக்காருங்க" என்றார் பிரிவு அலுவலர். என் விரல்கள் தாமாகவே மேசையில் தட்டிக்கொண்டிருந்தன. சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்றார்கள். இப்போது கைகளை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

4. இரண்டு மனுக்கள் கொடுத்தேன். இரண்டிற்கும் தாங்கள் பதில் அனுப்பியதைச் சென்ற வாரம்தான் அறிந்தேன். பக்கத்து மேசை அக்கா என் கடவுச்சொல்லைக் கேட்டுத் திரையைத் திறந்து பார்த்தார். பதில்கள் அங்கே இருந்தன. பதினைந்து நாளில் நான் மறுமொழி தராததால் மனுக்கள் முடித்துவைக்கப்பட்டிருந்தன. அடுத்து ஒரு கடிதத்தைப் படிக்கையில் அக்காவின் குரல் இறங்கியது. ஆறு மாதமாக வேலை செய்யாத ஊழியர் என்பதால் மாத இறுதியில் என்னைப் பணியிலிருந்து விடுவிக்க உத்தேசமாம். ஆட்சேபணையைத் திரையில் பதிய வேண்டுமாம். கெடு முந்தின வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது.

5. நான் சொல்லச் சொல்ல இதை என் தங்கை எழுதுகிறாள். "யாரு படிக்கப் போறாங்க, விடுக்கா" என்றாள். நான் அடுத்த வரியைச் சொன்னேன்.

ஆகவே, அம்மென்பொருளைப் பட்டியலில் சேர்த்து ஒலி இணைப்பைத் திறக்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இயலாதெனில், கெடு கடந்த என் ஆட்சேபணையை இத்தாளிலேயே ஏற்க வேண்டுகிறேன். அதுவும் இயலாதெனில், விடுவிப்பு ஆணையை யாரேனும் ஒருவர் என் எதிரில் நின்று வாய்விட்டுப் படிக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: டிசம்பர் 19
இடம்: தங்கையின் வீடு

பணிவுடன்,
(ஒப்பம்)
தட்டச்சர், பதிவுப் பிரிவு