கூழைக்கடா தின்ற தானியம்

2002, தை 8, திங்கள்
பனி. கருங்குழி சாலையில் பஸ்ஸே தெரியவில்லை.
என் பேரப்பிள்ளைகள்: பெரியவன் மகன் சேகர், கல்பாக்கத்தில் வேலை நிரந்தரம். அவன் தங்கை மாலா, டீச்சர் டிரெயினிங் பாஸ். சின்னவன் மகள் உமா, செங்கல்பட்டு ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் படிப்பு, கடைசி வருஷம். நம் வம்சத்தில் முதல். (நான் அஞ்சாவது வரைதான்.)
உமா லீவில் வந்திருக்கிறாள். முகம் சரியில்லை. வெள்ளிக்கிழமை அவள் புரோகிராமைப் பரீட்சைக்கு வரும் வாத்தியார் முன் ஓட்ட வேண்டும். தப்பினால் ஒரு வருஷம் போச்சு.
கேட்டேன், சொன்னாள். வேடந்தாங்கல் பறவைகள். 'பறவை' என்று ஒரு தாய் மாதிரி, 'தின்னு' என்றால் தானியம் தின்னும். அதிலிருந்து பிறந்தது கூழைக்கடா. அதற்கு மட்டும் மீன் தின்னத் தனியாக எழுதியிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை, 'தின்னு'. அதது தன் வழியில் தின்ன வேண்டும். கூழைக்கடாவோ தானியமே தின்கிறதாம்!
"நம்ம வூட்டு மருமகளுங்க மாதிரி. 'கொழம்பு வை'ன்னா ஆளுக்கொரு கொழம்பு."
"அதேதான் ஆயா!"

தை 9, செவ்வாய்
முட்டிவலி. தைலம் வாங்க வேண்டும்.
இன்று சமையல் சின்ன மருமகள் நீலா, உமாவின் அம்மா. கடலோரக் கடப்பாக்கத்துப் பெண். மீன் குழம்பு என்று ஆசையாக உட்கார்ந்தால் தட்டில் காரக்குழம்பு.
"இன்னாடி இது?"
"இன்னா அத்த, மீனக் கையில குடுத்தா என் கொழம்பு. சும்மா 'கொழம்பு வை'ன்னா நீங்க கத்துக்குடுத்ததுதான்."
உமா சோற்றுக் கையோடு எழுந்தாள். "அய்யோ, நானும் அதத்தான் பண்ணிக்கீறேன்! மீனக் கையில குடுத்தாதான் கூழைக்கடாவோட 'தின்னு' ஓடும். வெறுமன 'தின்னு'ன்னா தாயோடதுக்குப் போயிடுது!"
புரோகிராம் எழுதிய தாளில் அந்த இடத்தை அடித்தாள். மீனைக் கூழைக்கடாவே ஏரியில் பிடித்துக்கொள்ளும்படி மாற்றி எழுதினாள். தாளெல்லாம் பருக்கை.
"மொதல்ல கைய கழுவு, கம்ப்யூட்டரம்மா," என்றாள் நீலா.

தை 12, வெள்ளி
தைலம் வந்தது. காந்துகிறது.
நாலு மணி வரை எதிர் வீட்டுப் போன் பக்கத்திலேயே நானும் நீலாவும். மணி அடித்தது. செங்கல்பட்டிலிருந்து உமா.
"ஆயா, மீன் தின்னுச்சு!"
வாத்தியார் விடவில்லையாம். 'இப்பவே கொக்கைச் சேர்' என்றாராம். சேர்த்தாள். கட்டளையில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. கொக்கும் தன் பாட்டுக்குத் தின்றது. பாஸ்.
நீலா அழுதாள், சிரித்தாள், போனைத் தரவே இல்லை.
நாளை வஞ்சிரம். அவள் கையிலேயே கொடுக்க வேண்டும்.
சுவரில் சேகர், மாலா படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்தாயிற்று. உமா படம் இருப்பது ரெட்டை ஜடை, ஒரு பல் இல்லாதது. ஸ்டுடியோவில் புதுசாக ஒன்று எடுத்து உடனே தபாலில் போடச் சொல்ல வேண்டும். பல் தெரியச் சிரிக்கச் சொல்ல வேண்டும்.