ஜெனிக்குக் கண்ணாடி போட்டாச்சு அக்கா

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

உன் மகள் ஜெனி கண்ணாடி போட்டிருக்கிறாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கா என்று பதறாதே. நடந்ததைச் சொல்கிறேன்.

நீ போன பிறகு அவள் கோட்டையூரில் எங்களோடு இருக்கிறாள். உன் வீட்டுக்காரர், அத்தான், வேலை விட்டதும் தினமும் வந்துவிடுகிறார். ஜெனி வாய் ஓயாமல் கதை சொல்வாள். போர்டைப் பார்த்து எழுதச் சொன்னால் மட்டும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்ப்பாள். கவனம் இல்லை என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தது. நானும் கூடப் போயிருந்தேன். ஜெனியால் எழுத்து அட்டையின் மேல்வரியைத் தாண்ட முடியவில்லை. அவள் மட்டுமில்லை அக்கா, நிறையப் பிள்ளைகள் தடுமாறினார்கள். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கவனம் இல்லைன்னு பின்னால உக்கார வச்ச பிள்ளைகள்ல பாதிக்குக் கண்ணுதாங்க தெரியல."

"ஏன்டி ஒரு நாளும் சொல்லல?" என்று ஜெனியைக் கேட்டேன்.

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன் சித்தி."

அத்தான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "பொட்டப்பிள்ளைக்குச் சோடாபுட்டி மாட்டிவிட்டா நாளைக்கு யாரு கட்டுவா?" என்றார். நான் விடவில்லை. அவரையும் சேர்த்துக் காரைக்குடிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் அவரிடமே சொன்னார்: "ரெண்டு கண்ணும் மங்கல். வலது கண்ணு ரொம்ப. இப்ப விட்டீகன்னா அது பார்க்கப் பழகாமலே போயிரும். அப்புறம் கண்ணாடி போட்டும் முழுசாத் திரும்பாது."

அத்தானே அவளைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார்.

கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தவள், சுவரில் மாட்டியிருக்கும் உன் கல்யாணப் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா ஏன் கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிக்கிறாக? என்னைய மாதிரியே."

நீ சிரிக்கிறாய் என்றல்லவா இத்தனை வருடமும் நினைத்திருந்தோம்! அத்தான் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே இவ," என்றார்.

படிப்பு வரவில்லை என்று உன்னை வீட்டோடு நிறுத்தினார்களே, அப்போது உனக்கும் போர்டு தெரியாமல்தான் இருந்ததா அக்கா? எங்கள் முகமெல்லாம் உனக்கு எப்படித் தெரிந்தது? நீ இல்லாமல் இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

வலது கண் பழகுவதற்காக, இடது கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூடும் பட்டையை அத்தானே ஒட்டிவிடுகிறார். ஜெனி சிணுங்கினால் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நடக்கிறார். போகிற பஸ்ஸின் பெயர்ப்பலகையை இருவரும் எழுத்துக்கூட்டுகிறார்கள்.

வருடம் தவறாமல் நானே அவளை டாக்டரிடம் கூட்டிப்போவேன். உன் மகளைப் பார்த்துப் படிப்பு வராது என்று சொல்ல யாரையும் விடமாட்டேன் அக்கா.

உன் தங்கை,
ஜெனியின் சித்தி,
அமலா